படகில் ஒத்திகை பார்த்த சாட்சி

உண்மையைச் சொல்வதற்கும் ஒத்திகை வேண்டும் என்று நம்பிய ஆசிரியை நான். (பிள்ளைகளைப் பாடமாக்க வைத்தே காலம் தள்ளியவளுக்கு வேறென்ன தெரியும்?)

நெடுந்தீவில் எங்கள் பக்கத்து வளவுக்காரரின் தண்ணீர் இறைக்கும் மெசின் ஒருநாள் பின்னேரம் களவுபோனது. எடுத்தது என் ஒன்றுவிட்ட தம்பி குகன் என்று அவர் பொலிஸில் முறையிட்டார். குகனுக்குக் கட்டார் வேலை சரிவந்திருந்த நேரம். குற்றவாளி என்று தீர்ந்தால் அந்தப் பயணம் அவ்வளவுதான். ஆனால் அந்தப் பின்னேரம் முழுக்க அவன் எங்கள் வீட்டுக் குசினியில்தான் சாப்பிட்டுப் பேசிக்கொண்டு இருந்தான். அதற்குச் சாட்சி நானும் என் கணவரும்.

வழக்கு ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில். அன்று காலை படகு புறப்பட்டதுமே கணவருக்குப் பாடத்தைத் தொடங்கினேன்.

"குகன் என்ன சாப்பிட்டவன்?"

"இடியப்பம்."

"புட்டு. நான்தானே அவிச்சனான். போட்டிருந்தது நீலச் சேட்டு, சாப்பிட்டது புட்டு, மாம்பழம். சொல்லுங்கோ பாப்பம்."

"நீர் சொன்னால் சரி," என்றார்.

குறிகட்டுவான் இறங்குதுறை வருவதற்குள் மூன்றையும் பிசகாமல் ஒப்புவித்தார். பெருமையோடு திரும்பினால், பின் வாங்கில் மெசின்காரர். எங்கள் தீவில் முறையிட்டவருக்கும் சாட்சிக்கும் ஒரே படகுதான். பிறந்த நாள் முதல் எனக்குத் தெரிந்த விஷயம் அது.

சாட்சிக் கூட்டில் ஏறி நீலச் சேட்டு, புட்டு, மாம்பழம் என்றேன். பிறகு கணவரைக் கூப்பிட்டார்கள். அவரும் அதையே, என் குரலின் ஏற்ற இறக்கத்தோடு சொன்னார். மெசின்காரரின் சட்டத்தரணி எழுந்தார்.

"இது படகில உங்கட மனிசி சொல்லித் தந்ததுதானே?"

குகன் தலை குனிந்து நின்றான்.

"ஓம்," என்றார் கணவர்.

நீதவான் பேனாவை வைத்தார். "அதை விடும். உமக்கு என்ன ஞாபகம்?"

"சேட்டு நினைவில்லை ஐயா. சாப்பாடு இடியப்பம் எண்டுதான் நினைக்கிறன். சம்பலுக்கு உப்பில்லை எண்டு குகன் சொன்னவன். இவ கோவத்தில உப்புப் போத்தலை மேசையில அடிச்சு வச்சவ. ரெண்டு பேரையும் நான்தான் சமாதானப்படுத்தினனான்."

மன்று முழுக்கச் சிரித்தது.

இரண்டு வாயில் ஒரே வசனம் வந்ததால்தான் சந்தேகப்பட்டேன் என்றார் நீதவான் தீர்ப்பில். சாப்பாட்டைப் பற்றி இருவரும் மாறுபடுவது இயல்பு. மனைவியை வெட்கப்படுத்தும் சங்கதியை ஒருவர் சோடித்துக்கொண்டு வரமாட்டார் என்றும் சொன்னார். குகன் விடுதலையானான். என் ஒழுங்கான சாட்சியம்தான் அவனை உள்ளே தள்ளப் பார்த்தது. இப்போதெல்லாம் பிள்ளைகள் வரி பிசகாமல் ஒப்புவித்தால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை.

எங்கள் வீட்டில் இடிக்கும் சம்பலுக்கு 'விடுதலைச் சம்பல்' என்று பெயர் வைத்துவிட்டார் கணவர். போன மாதம் குகன் லீவில் வந்தபோது, புட்டா இடியப்பமா என்று நாங்கள் மறுபடி பிடுங்குப்பட்டோம். அவன் சோற்றைக் குழைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அக்கா, கோட்டில சொன்னால் இன்னும் குழம்பும் எண்டுதான் பேசாமல் நிண்டனான். சம்பலுக்கு உப்பில்லை, அது உண்மை. ஆனால் அண்டைக்கு நீங்கள் தந்தது கடையில வாங்கின பாண்."