ஏழாவது பொருத்தம்

என்னை நானே சாகடித்துக்கொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்குக் கத்தியோ கயிறோ தேவைப்படவில்லை. ஒரு படிவமும் பேனையும் போதுமாயிருந்தன. நானும் சித்தப்பாவும்தான் கண்டியில் ஒரு வீட்டில் இருந்தோம். அவர் காலமானதும் அரிசிக் கூப்பன் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுப்பதற்குக் கிராம சேவகர் ஒரு படிவம் தந்தார். 'விண்ணப்பகாரர்' என்ற இடத்தில் சித்தப்பாவின் பெயரையும் 'இறந்தவர்' என்ற இடத்தில் என் பெயரையும் முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன். நான் கிளாக்கர் வேலை பார்ப்பவன், கையெழுத்து அழகாயிருக்கும். சாப்பாடெல்லாம் கடையில் என்பதால் என் அரிசி நின்றுபோனதுகூட எனக்குத் தெரியாது.

கல்யாணப் பதிவுக்கு வதிவிடக் கடிதம் கேட்டுப் போன அன்றுதான் விஷயம் வெளிவந்தது.

"மாத்தயா, நீங்க போன வருசம் செத்துத்தானே?" என்றார் கிராம சேவகர், சிங்களம் கலந்த தமிழில்.

"இந்தா, முன்னாலயே நிக்கிறேனே!"

"அது எனக்குத் தெரியும். புத்தகத்துக்குத் தெரியாது. சமாதான நீதவான் ஒருத்தர்கிட்ட உயிர் இருக்குன்னு கடிதம் கொண்டாங்க."

கண்டியில் சமாதான நீதவான்களுக்கா பஞ்சம்? முத்திரையும் மையுமாகத் தெருவுக்கு ஒருவர் இருந்தார். ஆனால் கெலிஓயாவில் மாடு வைத்துப் பால் வியாபாரம் செய்த என் வருங்கால மாமனார் ஒரே பிடியாக நின்றார்: "வேற யார் கடிதமும் எனக்கு வேணாம். ஏழு பொருத்தத்தார் கையெழுத்து வச்சா நம்புறேன். செத்தவருக்கு நான் பொண்ணு குடுக்கமாட்டேன்."

உயிர் என்ற பொருளின் மேல் ஏழு பொருத்தத்தாரைப்போல் சந்தேகம் கொண்ட மனிதர் உலகத்தில் வேறெவரும் பிறந்திருக்க முடியாது. யாழ்ப்பாணத்திலிருந்து மாட்டு டொக்டராக வந்து, பென்சன் எடுத்த பிறகும் கட்டுகஸ்தோட்டை ரோட்டுப் பக்கமே தங்கிவிட்டவர்; அவரும் ஒரு சமாதான நீதவான். ஊர் கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும். அவர் உயிருக்கு ஏழு பொருத்தம் பார்ப்பார். அசைவு, சுவாசம், உறுத்துணர்ச்சி, போசணை, கழிவகற்றல், வளர்ச்சி, இனப்பெருக்கம். இந்த ஏழையும் ஒரு பலகையில் எழுதிக் கதிரைக்கு நேர் எதிரே மாட்டியிருந்தார். பலகைக்குக் கீழே, அட்டை கிழிந்த தடித்த உயிரியல் புத்தகம் ஒன்று.

இந்தச் சந்தேகம் அவருக்கு வந்ததற்கு ஒரு மாடு காரணம். இளம் வயதில், மடவளைப் பக்கம் விழுந்து கிடந்த மாடொன்றை எட்ட நின்று பார்த்து, செத்துவிட்டதாகச் சேர்ட்டிபிக்கட் எழுதினாராம். மை காய்வதற்குள் மாடு எழுந்து வந்து சேர்ட்டிபிக்கட்டைத் தின்றுவிட்டதாம். அன்றிலிருந்து ஏழும் பார்க்காமல் எதையும் நம்புவதில்லை.

தயிர்ச் சட்டியைத் திறந்தால் முதல் கரண்டிக்கு முன்னால் "மன்னிக்கோணும்" என்பார். உள்ளே கோடிக்கணக்கில் உயிர் இருக்கிறதாம். அவருடைய பழைய ஒஸ்டின் கார் பேராதனை ஏற்றத்தில் நின்றுவிட்டால், பின்னால் ஹோன் அடிப்பவர்களுக்குப் பாடம் எடுப்பார்: "அசையுது, புகை விடுது, பெற்றோல் குடிக்குது, ஒயில் ஒழுக்குது, தட்டினால் கத்துது. அஞ்சு கிடக்கு! ஆனா வளரேல்லை, குட்டி போடேல்லை. அதாலதான் தள்ளச் சொல்லிக் கேக்கிறன்." சாவு வீட்டுக்குப் போனால் பெட்டியருகே கைக்கடிகாரத்துடன் நிற்பார். அவர் தலையசைக்கும் வரை யாரும் மூடியைத் தொடமாட்டார்கள்.

இப்பேர்ப்பட்டவர் முன்னால்தான் என் உயிரைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"கதிரையில இரும்" என்றார். இருந்தேன்.

"எழும்பும்." எழும்பினேன். அசைவு சரி.

மூக்கின் முன் முகச்சவரக் கண்ணாடியை நீட்டினார். ஆவி படிந்தது. சுவாசம் சரி. பிறகு என்ன செய்யப்போகிறார் என்று நான் பலகையைப் பார்ப்பதற்குள் கையில் ஒரு கிள்ளு. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"உறுத்துணர்ச்சி ரெண்டு பேருக்கும் கிடக்கு" என்று குறித்துக்கொண்டார்.

பிளேன்டியும் பிஸ்கட்டும் வந்தன. நான் மென்று விழுங்கும்வரை தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தது கழிவகற்றல் என்று பலகையில் வாசித்ததும் எனக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது. அதை ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, "காணும், இதுவும் கழிவுதான்" என்று அதோடு விட்டுவிட்டார். அந்த மனிதரைக் கும்பிடலாம்போல் இருந்தது.

வளர்ச்சியில் மாட்டிக்கொண்டேன்.

"நகத்தைக் காட்டும்."

காட்டுவதற்கு ஒன்றுமில்லை. சின்ன வயதிலிருந்தே நான் நகம் கடிப்பவன்.

"ஒரு கிழமை கடிக்காமல் வாரும், பாப்பம்."

கல்யாணம் நடக்குமா நடக்காதா என்று தவிக்கிற ஒருவனிடம் நகம் கடிக்காதே என்றால் என்ன செய்வான்? கந்தோர் மேசையில் ஒரு கிழமை முழுக்க வலது கையால் எழுதி, இடது கைக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். பெரிய கிளாக்கருக்கு முன்னால் எழும்பி நிற்கும்போது கை மரத்துப்போய் என்னுடையதல்லாத ஒன்றுபோலத் தொங்கியது. ஆனாலும் நகம் வளர்ந்தது.

அடுத்த முறை மாமனாரும், அவருடைய மகள் மகேஸ்வரியும் கூடவே வந்தார்கள். கையில் ஒரு போத்தல் பால். ஏழு பொருத்தத்தார் என் இடது கை நகத்தை அளந்து பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

"பிள்ளையள் எத்தினை?"

"இன்னும் கல்யாணமே ஆகல சேர்."

"அப்ப ஏழாவது இல்லை."

"அதுக்குத்தானே சேர் இந்தக் கடிதமே!"

"உயிரில்லாதவருக்கு என்னெண்டு காணும் கலியாணம்?"

"கல்யாணம் இல்லாம எப்படி சேர் புள்ளை?"

இந்தக் கேள்வியில் அவரும் கொஞ்சம் ஆடிப்போனார். உண்மையாகவே வருத்தப்பட்டார். மாமனார் சொன்னார்: "டொக்டரையா, அந்தப் புத்தகத்துல ஏதும் பிசகு இருக்கும்..."

அவ்வளவுதான். அவர் புத்தகத்தின் மேல் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "புத்தகத்தில பிழை வராது. மனுசரிலதான் வரும்!"

என் கல்யாணம் அந்த மேசையில் செத்துக் கிடந்தது. அதற்குக் கண்ணாடி பிடித்துப் பார்க்கவும் யாருமில்லை. அப்போதுதான் கதவருகே நின்ற மகேஸ்வரி வாயைத் திறந்தாள்.

"சேர், கார் பழகுறவங்களுக்கு முன்னாலயும் பின்னாலயும் எல் போர்ட் கட்டி ரோட்டுல விடுறாங்கல்ல? ஓட்டத் தெரிஞ்ச பொறகா அதைக் குடுக்கிறாங்க? இவருக்கும் அப்படி ஒண்ணு குடுங்களேன்."

ஏழு பொருத்தத்தார் பேனையை எடுத்தார்.

"பிள்ளை, உனக்கு மூளை கிடக்கு. உவருக்குக் கிடக்கோ எண்டது நல்லகாலத்துக்கு என்ர ஏழுக்குள்ள வராது."

இப்படித்தான் எனக்குத் தற்காலிக உயிர் கிடைத்தது. 'மேற்படி நபர் ஆறு இயல்புகளில் உயிருள்ளவர். ஏழாவது பயிற்சியில் உள்ளது. இக்கடிதம் ஒரு வருடத்துக்கு மாத்திரம் செல்லும்' என்று எழுதி முத்திரை குத்தினார். பதிவுக்காரர் அதைக் கல்யாணத்தன்று உரக்க வாசித்தார். மகேஸ்வரியின் அத்தைமார் சிரித்த சிரிப்பில் தாலி கட்டும் நேரம் தவறிப்போகப் பார்த்தது.

கிராம சேவகருக்கு அந்த ஒரு கடிதமே போதுமாயிருந்தது. ஆனால் ஏழு பொருத்தத்தாருக்கு வருடம் என்றால் வருடம்தான். ஒவ்வொரு வருடமும் நாங்கள் இருவரும் ஒரு சீப்பு வாழைப்பழத்துடன் போய் என் உயிரைப் புதுப்பித்துக்கொண்டு வருவோம். அதே கண்ணாடி, அதே கிள்ளு, அதே நாய். இடையில் தெருவில் கண்டாலும் விடமாட்டார். ஒருமுறை பஸ் நிலையத்தில் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார்: "தம்பி, ஏழாவது என்ன மாதிரி?" கெலிஓயா பஸ் கொண்டக்டர் அதைப் பிடித்துக்கொண்டு, நான் ஏறும்போதெல்லாம் "ஏழாவது, உள்ளுக்குப் போங்க!" என்று கூப்பிட ஆரம்பித்தான்.

மூன்றாவது வருடம்வரை நானும் சிரித்தேன். நான்காவது வருடம் அவர் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மெதுவாகக் கேட்டார். ஐந்தாவது வருடம் மகேஸ்வரி, "நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றாள். பேராதனையில் பெரிய டொக்டர் ஒருவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, இனி எதிர்பார்க்கவேண்டாம் என்று அதற்கு முந்தின மாதம்தான் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்தும் அவள் அழவில்லை. அன்றிலிருந்து ரேடியோவை மட்டும் போடவில்லை.

தனியாக வாழைப்பழத்துடன் போய் நின்றேன். அவர் எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். யாரும் வரவில்லை.

"பிள்ளை வரேல்லையோ?"

"இல்ல சேர். இனி ஏழாவது இல்லன்னு டொக்டர் சொல்லிட்டார்."

கண்ணாடியை எடுத்தவர் திரும்ப வைத்துவிட்டார். கிள்ளவில்லை. "கிடக்கட்டும், கடிதத்தை நாளைக்கு நானே கொண்டுவாறன்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் ஒஸ்டின் எங்கள் வீட்டுப் பக்கம் ஏறி வந்து, கடைசி ஏற்றத்தில் நின்றுவிட்டது. இறங்கி நடந்து வந்து, கடிதத்தை என்னிடம் தராமல் மகேஸ்வரியின் கையில் கொடுத்தார். 'மேற்படி நபரும் அவர் மனைவியும் முழுமையாக உயிருள்ளவர்கள்.' செல்லுபடியாகும் காலம் எதுவும் எழுதியிருக்கவில்லை. அவள் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, தயிர் எடுக்க உள்ளே போனாள். சற்று நேரத்தில் ரேடியோ கேட்டது.

அடுத்த கிழமை நன்றி சொல்லப் போனேன். பலகையில் கடைசி வரி சுண்ணாம்பால் மறைக்கப்பட்டிருந்தது. ஊர் அவரை ஏழு பொருத்தம் என்று கூப்பிடுவதை நிறுத்தப்போவதில்லை; அவரிடம் இருந்ததோ இப்போது ஆறுதான்.

"என்ன சேர் இது, ஏழாவதைக் காணோம்?"

அவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "புத்தகம் பிழை."