ஐந்தாம் ஆட்டக்காரனின் கண்டனக் குரல்

அணித்தலைவரும் என் ஒரே மகளின் கரம்பற்றியவருமான மாப்பிள்ளை அவர்களே! அணியின் மூன்றாம் தூணாம் பல் மருத்துவர் அவர்களே! ஆட்டத்தின் நடுவிலும் கொட்டாவி விடுவதால் தூங்குமூஞ்சி என்று அன்போடு அழைக்கப்படும் தம்பி அவர்களே! இக்கடிதத்தின் முதல் வரியைக் கண்டதுமே முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டிருக்கும் என் அருமை மகளே! அனைவருக்கும் வணக்கம். நலம் கேட்பது மரபு; கேட்டேன். என் நலம் சொல்வதும் மரபு. சொல்கிறேன்: நான் நலமாக இல்லை. நேற்று மாலை நம் கணினி ஆட்ட அணியின் செய்திக் குழுவில் மாப்பிள்ளை இட்ட ஒரே ஒரு வரி என் உறக்கத்தைப் பறித்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை மாமாவுக்கு ரெஸ்ட். அத்தை விளையாடட்டும்." அவ்வளவுதான். ஒரு வணக்கம் இல்லை, விளக்கம் இல்லை, ஒரு வருத்தச் சொல் இல்லை. இந்த அநீதியைக் கண்டிக்கவே எழுதுகோலை எடுத்தேன். தட்டச்சு செய்தால் என் சினம் தெரியாது என்பதால் கைப்பட எழுதி, படமெடுத்து அனுப்புகிறேன். எழுத்துகள் ஆங்காங்கே நடுங்கியிருந்தால் அதற்குச் சினம் மட்டுமே காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். பாதிக்குமேல் அச்சம்.

என்ன அச்சம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். என் மகள் உங்களோடு தொலைவில் வாழ்கிறாள். தொலைபேசியில் நாங்கள் பேசினால், "சாப்டியாப்பா?" என்பாள். "உண்டேன் மகளே! உணவு என்பது யாது என எண்ணிப் பார்த்தால்..." என்று நான் தொடங்குவேன். "சரிப்பா, இன்னொரு கால் வருது, வைக்கறேன்" என்பாள். உலகில் வேறெவருக்கும் அவளுக்கு வருவதுபோல் அத்தனை அழைப்புகள் வருவதில்லை. ஆனால் ஆட்டத்தில் அவளால் வைத்துவிட்டுப் போக முடியாது. மாலைதோறும் என் காதுக்குள் சிரிக்கிறாள், திட்டுகிறாள், "அப்பா, குனி! குனிப்பா!" என்று கதறுகிறாள். மேடைப் பேச்சாளனாய்ப் பேரரங்குகளில் நான் கேட்ட கைத்தட்டல் எல்லாம் அந்தக் கதறலுக்கு ஈடாகாது. அணியிலிருந்து என்னை நீக்கினால் நீங்கள் பறிப்பது ஒரு நாற்காலியை அன்று, மாப்பிள்ளை. அவள் குரலை.

வழக்கை அடியிலிருந்து எடுத்துரைப்பது என் பழக்கம். நீங்கள் அறிந்ததே எனினும் கேளுங்கள். இந்த ஆட்டத்தில் இப்பக்கம் ஐவர், அப்பக்கம் ஐவர். ஒரு தரப்பு ஏ, பி என்னும் இரண்டு இடங்களில் ஒன்றில் குண்டு வைக்க வரும். மறு தரப்பு தடுக்க வேண்டும். ஒரு சுற்றில் செத்தவர் அடுத்த சுற்று வரை எழ முடியாது. இதற்கு விளையாட்டு என்று பெயர் வைத்த நெஞ்சழுத்தக்காரர் யாரோ! உங்கள் ஐந்தாம் ஆள் வேலை மாறிப் போனபோது, "ஆள் கிடைக்கற வரைக்கும் சும்மா ஒரு ஓரமா நில்லுங்க மாமா" என்று நீங்கள்தான் அழைத்தீர்கள். நின்றேன். ஓரமாக நிற்கவும் அஞ்சினேன். அந்த ஹெட்போனை (நான் சூட்டிய தனித்தமிழ்ப் பெயரை அணி ஒருமனதாக நிராகரித்ததால் இவ்வாறே எழுதுகிறேன்) மாட்டிய முதல் நாள், எனக்குப் பின்னால் யாரோ நடந்து வரும் ஒலி கேட்டது. நாற்காலியோடு திரும்பினேன். என் வீட்டுச் சுவர்தான் இருந்தது. திரும்பித் திரையைப் பார்த்தால் நான் செத்திருந்தேன். எத்தனையோ ஆட்சியாளர்களை எதிர்த்து முழங்கியவன் நான். மேடைமீது கல் வந்து விழுந்தபோதும் ஒலிவாங்கியை விடாதவன். காதுக்குள் கேட்கும் ஒரு செருப்புச் சத்தம் என்னை நாற்காலியோடு திரும்ப வைக்கிறதே!

நான் முயலவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் சொன்னபடி கணினிச் சுட்டியின் விரைவைக் குறைத்தேன். துப்பாக்கியின் குறிப்புள்ளியை எதிரியின் தலை உயரத்தில் வைக்கப் பழகினேன். ஓடிக்கொண்டே சுடக் கூடாது, நின்று சுட வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். விடியற்காலையில் பயிற்சிக்களத்தில் பொம்மைகளைச் சுடுகிறேன். அவை திருப்பிச் சுடாதவை என்பதால் அங்கே நான் மாவீரன். நான் செத்த ஆட்டங்களின் பதிவுகளை நீங்கள் அனுப்புகிறீர்களே, "எங்க தப்பு பண்ணீங்கன்னு பாருங்க மாமா" என்று, அவற்றையும் பார்க்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு. ஒரு மனிதன் தன் சாவைத் தானே திரும்பத் திரும்பப் பார்த்துப் பாடம் படிக்க வேண்டும் என்று எந்த ஆசானும் எனக்குச் சொன்னதில்லை.

இந்தப் பயிற்சி என்னை எங்கே கொண்டு நிறுத்தியிருக்கிறது தெரியுமா? என் சொந்த வீட்டில் குளியலறைக்குள் நேராக நுழைய அஞ்சுகிறேன். முதலில் கதவோரமாக நின்று இடது மூலையைப் பார்க்கிறேன். பிறகு வலது மூலை. பிறகுதான் உள்ளே போகிறேன். உங்கள் அத்தை, "ஏங்க, உள்ள யாரு இருக்கா?" என்றாள். "இப்போதைக்கு யாரும் இல்லை" என்றேன். அடுக்ககத்தின் மாடிப்படியில் காலடி கேட்டால் எத்தனை பேர், எந்தப் பக்கம் என்று என்னை அறியாமல் மனம் எண்ணுகிறது. சென்ற திங்களன்று நூலகத்துக்குப் புதுக் கட்டடம் கேட்டு நடந்த கூட்டத்தில் பேச எழுந்தேன். எதிரே மாடம். மாடத்தில் மூன்று திறந்த சன்னல்கள். எனக்குப் பின்னால் திரைச்சீலை அசைந்தது. இப்படி நாற்புறமும் திறந்த வெளியில் ஒருவனை நிற்கவைக்கலாமா? மேசைக்குப் பின்னால் பாதி குனிந்தபடி, "கட்டடம் வேண்டும், கொடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூண் மறைவுக்கு ஓடினேன். அரங்கம் அதிரக் கைதட்டியது. கூட்டச் செயலாளர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் பிரமாதம்!" என்றார். அந்தப் புகழை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இனி என்மீது சுமத்தப்பட்ட குற்றத்துக்கு வருகிறேன். சென்ற வெள்ளிக்கிழமை ஆட்டம். கிடங்கின் காவல் என்னிடம். கதவு திறந்தது, பகைவர் வந்தனர். என் குரல் உங்களுக்குக் கேட்பதற்கான பேசும் விசையை அழுத்தினேன். அஞ்சும்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், பேசுவது. "தோழர்களே! நான் காவல் காக்கும் இக்கிடங்கின் கீழ்த்திசை வாயிலில், நீல வண்ணக் கதவுக்கு அண்மையில், பகைவர் மூவர், இல்லை, நால்வர், ஈவிரக்கமற்ற முகத்தினராய்..."

"மாமா, எங்க?" என்றீர்கள்.

"அதைத்தான் சொல்ல வருகிறேன்."

"ஏ-வா, பி-யா? ஒரே ஒரு எழுத்து மாமா! ஒரே எழுத்து!"

"அயல் எழுத்துகளால் இடங்களைச் சுட்டுவது பற்றி நான் முன்னமே..."

"சார், நான் செத்துட்டேன்" என்றார் பல் மருத்துவர், மிகுந்த பொறுமையோடு. பற்களைப் பிடுங்கிப் பழகியவருக்குத்தான் அந்தப் பொறுமை வரும்.

"நானும்" என்றார் தூங்குமூஞ்சித் தம்பி, கொட்டாவியோடு.

குண்டு வெடித்தது. அப்போது நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் ஒலிக்கிறது: "மாமா, அந்தப் பட்டனை நீங்க விடவே மாட்டேங்கறீங்க. அதை அமுக்கிட்டே இருந்தா உங்க மூச்சுதான் எங்களுக்குக் கேக்குது. எதிரி காலடி கேக்கலை." விசையை எப்படி விடுவேன்? கையில் கிடைத்த ஒலிவாங்கியை விடாதிருப்பதே என் தொழில்! இருந்தும், நான் பேசியதால்தான் தோற்றோம் என்று நம் ஐவரில் நீங்கள் நால்வர் ஒருமித்து முடிவு கட்டினீர்கள். ஐந்தாமவன் நான் என்பதால் அது ஏகமனதான தீர்ப்பு ஆகாது.

ஆனால் அதற்கடுத்த மாலையை மறந்துவிட்டீர்களா? நீங்கள் மூவரும் இறந்துவிட்டீர்கள். எஞ்சியவர்கள் என் மகளும் நானும். இந்த ஆட்டத்தின் கொடுமை என்னவென்றால், செத்தவர்கள் போய்விடுவதில்லை. உயிரோடு இருப்பவனின் கண்களுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். நான் பார்ப்பதையே பார்க்கிறீர்கள், நான் நடுங்குவதையும் பார்க்கிறீர்கள். அவையோர் எதிரே இருந்தால் எதிர்கொள்வேன். என் கண்ணுக்குள்ளேயே அமர்ந்திருந்தால் எங்கே போவேன்? பெட்டியொன்றின் மறைவில் குந்தியிருந்தேன். அங்கே என் மகள் குனிந்து, குண்டைச் செயலிழக்கச் செய்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், படிக்கட்டின் நிழலில், ஒருவன் மெல்ல இறங்கினான். அவள் திரும்பவில்லை. அவளுக்குத் தெரியாது. என் கண்ணுக்கு மட்டுமே தெரிந்தது. அது வெறும் ஆட்டம் என்று என் அறிவு சொன்னது. என் மகளின் முதுகு என்று என் உடம்பு சொன்னது. விசையை அழுத்தினேன். நாக்கு அண்ணத்தில் ஒட்டியது.

"படிக்கட்டு!"

ஒரே சொல். அவள் திரும்பினாள். சுட்டாள். குண்டு செயலிழந்தது. வென்றோம். "சூப்பர்!" என்று கூவிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நான் எழுந்து நின்றுவிட்டேன். நான் சுருக்கமாகப் பேசக் கற்றுவிட்டதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? அந்தக் குரல் சற்று மெலிந்திருந்ததாகப் பல் மருத்துவர் ஐயம் எழுப்பியதாகக் கேள்விப்பட்டேன். மருத்துவரே, அச்சத்தில் ஆண்குரலும் மெலியும். நீங்கள் கருவியோடு நெருங்கும்போது உங்கள் நாற்காலியில் கிடப்பவர்கள் எந்தக் குரலில் கத்துகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவும் இருக்க, ஞாயிறன்று வென்றால் அணி தங்கப் பிரிவுக்கு உயரும் என்ற நிலையில், சுட்டியைத் தொட்டறியாத அத்தையை என் இடத்தில் அமர்த்துகிறீர்கள்! எந்த அடிப்படையில்? எந்த நெறிப்படி? "ஓய்வு" என்கிறீர்கள். யார் கேட்டார் ஓய்வு? அடுத்த வாரமும் ஓய்வு, அதற்கடுத்த வாரமும் ஓய்வு என்று போய், ஒரு நாள் மாலையில் நான் ஹெட்போனை மாட்டினால் அதற்குள் வெறும் அமைதி மட்டும் இருக்கும். குண்டுக்குக்கூட நான் அவ்வளவு அஞ்சவில்லை, மாப்பிள்ளை. அந்த அமைதிக்குத்தான் அஞ்சுகிறேன்.

ஆதலால் என் இடத்தை எனக்கே தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நீங்களும் என் மகளும் எல்லா நலமும் பெற்று, குறி தவறாமல், முதுகுக்குப் பின்னால் எப்போதும் ஒரு நல்ல துணையோடு நீடு வாழ வாழ்த்துகிறேன். மருத்துவருக்கு என் வணக்கம். தம்பிக்கு என் அன்பும், நல்ல தூக்கமும்.

இவண்,
உங்கள் மாமனாரும் அணியின் ஐந்தாம் ஆட்டக்காரனும் ஆகிய நான்.

பின்குறிப்பு: படமெடுக்குமுன் உங்கள் அத்தை இக்கடிதத்தை வாங்கிப் படித்தாள்.

"அனுப்பாதீங்க" என்றாள்.

"ஏன்?"

"பொய்."

ஆம் மாப்பிள்ளை. "படிக்கட்டு" என்று கூவியவன் நானல்லன். என் வாய் திறந்துதான் இருந்தது. காற்று மட்டுமே வந்தது. விசையை வழக்கம்போல் விடாமல் அழுத்தியிருந்தேன். கூவியவள், என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த உங்கள் அத்தை. மகளும் "சூப்பர்ம்மா!" என்றுதான் சிரித்தாள், மேலே அதில் பாதியை வெட்டிவிட்டு எழுதினேன். அதைக் கேட்டுத்தான் நீங்கள் அத்தையை ஆடச் சொன்னீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அத்தை அங்கே நின்றது அன்று மட்டும் இல்லையாம். முதல் நாளிலிருந்தே மாலைதோறும் என் தலைக்குப் பின்னால் குனிந்து, ஹெட்போனின் வெளிப்புறத்தில் காதை வைத்து, மகள் குரல் கசிகிறதா என்று கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். எனக்குத் தெரியாது. நான் பேசிக்கொண்டிருந்தேன்.

"இவ்வளவு சுருக்கமாப் பேச எங்க கத்துக்கிட்ட?" என்று கேட்டேன்.

"உங்ககூட இருந்தா நடுவுல கிடைக்கிற எடம் அவ்வளவுதான்" என்றாள்.

சரி, அவளே ஆடட்டும் என்று சுட்டியை அவள் கையில் கொடுத்துப் பார்த்தேன். முதலில் வானத்தைச் சுட்டாள், பிறகு தன் காலடியைச் சுட்டாள், "தலை சுத்துது" என்று எழுந்துவிட்டாள். ஆகவே மேலே எழுதியவற்றை எல்லாம் திரும்பப் பெறுகிறேன். நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டாயிற்று. ஹெட்போனின் ஒரு காது எனக்கு, ஒரு காது அவளுக்கு. சுட்டி என் கையில். ஒலிவாங்கி அவள் கையில். வாழ்நாளில் இன்னொருவரிடம் நான் அதைக் கொடுப்பது இதுவே முதல் முறை.

குழுவில் இட்ட அந்த வரியை அழியுங்கள், மாப்பிள்ளை. எங்கள் இருவரையும் ஓர் ஆளாகச் சேருங்கள். இப்போதே.