வெள்ளி இறங்கணுமா, ஏறணுமா?

பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளைக்குப் பேப்பர் படிக்கும் பழக்கம் இருக்கக் கூடாது. எனக்கு இருந்தது.

எண்பதுகளின் நடுவில் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்ட ஆபீசில் நான் சின்னக் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. எங்கள் நாணயமான மலேசிய வெள்ளியின் (ரிங்கிட்) மதிப்பைப் பற்றிப் பேப்பர்கள் எழுதித் தள்ளிய காலம். அரசாங்கம் என்னைக் கேட்காமல் முடிவெடுக்கிறதே என்று எனக்கு நிஜமாகவே வருத்தம்.

பெண் வீடு அதே மலையில், திரிங்காப்பில். பெண்ணின் அப்பா முட்டைக்கோஸ் பயிரிட்டு சிங்கப்பூருக்கு லோரியில் அனுப்புகிறவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பெண்ணின் தாய்மாமன். கம்போங் ராஜா என்ற ஊரில் மளிகைக் கடை. இந்தியாவிலிருந்து வரும் பருப்பும் வெங்காயமும்தான் வியாபாரம்.

"தம்பி ஆபீஸ்ல இருக்கீங்க. வெள்ளி இறங்கினா நல்லதா, ஏறினா நல்லதா?" என்றார் பெண்ணின் அப்பா.

(வாய் நிறையக் கேசரியை அடைத்துக்கொள்ள வேண்டிய இடம் இது.)

"இறங்கணும் மாமா! அப்பத்தான் சிங்கப்பூர்க்காரனுக்கு நம்ம கோஸ் மலிவாத் தெரியும். அள்ளிக்கிட்டுப் போவான்."

அவர் முகம் மலர்ந்தது. என் தட்டில் இன்னொரு கரண்டி கேசரி விழுந்தது.

தாய்மாமன் தன் தட்டைக் கீழே வைத்தார். "அப்ப என் பருப்பு? கூடக் காசு குடுத்துல்ல வாங்கணும்! வெலைய ஏத்தினா தோட்டத்து லயத்து வீட்டு சனம் கடைப் பக்கம் வருமா?"

தாய்மாமன் தலையாட்டாமல் அந்த வீட்டில் கல்யாணம் நடக்காது. "ஏறினாலும் நல்லதுதாங்க," என்றேன்.

"இப்பத்தானே இறங்கணும்னீங்க?" என்றார் அப்பா.

"கோஸ் விக்கிறப்ப இறங்கணும், பருப்பு வாங்குறப்ப ஏறணும். கவர்மெண்டு மனசு வச்சா..."

"ஏறி ஏறி இறங்க அது என்ன பஸ்ஸா லா?" என்றார் தாய்மாமன்.

என் அம்மா என் காலை மிதித்தார். அதற்குள் பெண்ணின் அப்பாவும் தாய்மாமனும், மச்சான்கள் இருவரும், எழுந்துவிட்டார்கள்.

"உன் கோஸ் விக்கிறதுக்கு ஊரு பட்டினி கெடக்கணுமா?"

"உன் பருப்புக்காக என் கோஸ் அழுகணுமா?"

நான் நடுவில் புகுந்து, "ரெண்டு பேர் சொல்றதும் நியாயம்தான்," என்றேன்.

"நீங்க வாய மூடுங்க தம்பி!" இருவரும் ஒரே குரலில்.

காப்பித் தட்டோடு வந்த பெண் பார்த்தது, வாசலை விட்டு இறங்கிக்கொண்டிருந்த எங்கள் முதுகுகளை மட்டும்தான்.

ஆனாலும் சம்மதம் சொல்லி அனுப்பினார்கள். காரணத்தைக் கல்யாணத்துக்குப் பிறகு மனைவி சொன்னாள்: "அப்பாவும் மாமாவும் ஒத்துப்போயி நான் பார்த்ததே இல்ல. திட்டுறதுக்குப் பொதுவா ஒரு ஆளு கெடைச்சா விடுவாங்களா?"

அன்று முதல் அந்த வீட்டில் எனக்கு 'நிதி மந்திரி' என்று பெயர். என் மகள்கள் இருவரும் ஆளுக்கொரு சேலையைப் பிடித்துக்கொண்டு எது அழகு என்று கேட்க வந்தால், அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வரும்: "மந்திரிகிட்டக் கேக்காதீங்க லா! ரெண்டும் அழகுன்னு சொல்லி ரெண்டு பேரையும் அழ வச்சிருவாரு."