மறுபிறவிச் சட்டை

பூமித்தாயைக் காப்பாற்றும் பொறுப்பு யார் தலையில் விழுந்திருக்கிறது என்று உலகம் கேட்டால், தயங்காமல் அந்தத் துணிக் கம்பெனியின் 'பசுமை மேலாளர்' தலையைக் காட்டலாம். போன மாதம்வரை பட்டன் கிடங்கில் ரெண்டு ஓட்டைப் பட்டனையும் நாலு ஓட்டைப் பட்டனையும் பிரித்துக்கொண்டிருந்தவர். இப்போது ஏ.சி. அறை, சுழல் நாற்காலி, மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் செடி, அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்ற ஓர் ஆள்.

கம்பெனியின் பெருமை 'மறுபிறவிச் சட்டை'. பழைய துணிகளை வெட்டி, ஒட்டுப்போட்டுத் தைப்பது. வெளிநாட்டில் ஏக கிராக்கி. ஒரே ஒரு சின்ன விஷயம், பழைய துணிதான் கிடையாது. ஆகவே புத்தம்புதுத் துணியைக் கல்லோடு போட்டு வெளுக்கத் துவைத்து, கிழித்து, மறுபடி ஒட்டுப்போட்டார்கள். அதற்கு ஆன தண்ணீரில் ஓர் ஏரியே நிரம்பியிருக்கும். போகட்டும், நல்ல காரியத்துக்குச் செலவு பார்க்கலாமா?

சட்டை வாங்கும் கம்பெனியிலிருந்து ஓர் அம்மாள் ஆய்வுக்கு வருவதாகத் தகவல் வந்ததும் முதலாளிக்கு வேர்த்துவிட்டது.

"அந்தம்மா பழைய துணிக் கிடங்கைப் பாக்கணுமாம். அடுத்த வாரத்துக்குள்ள கிடங்கு நிறையணும். இல்லேன்னா நீ பட்டன் பொறுக்கவே போயிடு!"

சுழல் நாற்காலியில் சுகம் கண்ட முதுகு இனி முக்காலியில் உட்காருமா? மேலாளர் தையல் பிரிவுக்கு ஓடினார்.

"எல்லாரும் வீட்டுல இருக்கிற பழைய துணியைக் கொண்டாங்க!"

"நாங்க போட்டிருக்கிறதுதான் சார் பழசு," என்றாள் காலர் தைக்கும் அக்கா. "இதையும் கழட்டிக் குடுத்துட்டு மிஷின்ல எப்படி சார் உக்கார்றது?"

அப்போதுதான் அந்த மகா மூளையில் பொறி தட்டியது. பழசு ஒன்று கொடுத்தால் கம்பெனிச் சட்டை புதுசாக இரண்டு! அடேயப்பா, வரிசை வாசலைத் தாண்டிப் போயிற்று. இரண்டு நாள் கழித்து காலர் அக்கா மறுபடி வந்து நின்றாள். கையில் சாயம் போய்த் தையல் விட்ட ஒரு சட்டை.

"ஏம்மா, இது நான் முந்தாநாள் குடுத்த புதுசு மாதிரி இருக்கே! கல்லுல அடிச்சுத் துவைச்சியா?"

"சத்தியமா இல்ல சார். ஒரு தடவை தண்ணியில முக்கினேன், அவ்வளவுதான்."

மேலாளர் அதை வாங்கிக்கொண்டு புதுசு இரண்டைக் கொடுத்தார். பின்னால் நின்றவர்கள் கையிலும் அதே கதைதான். கிடங்கு கூரைவரை நிறைந்தது.

ஆய்வு அம்மாள் வந்தார். குவியலிலிருந்து ஒன்றை உருவினார், இன்னொன்றை உருவினார், காலரின் உள்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"எல்லாத்துலயும் உங்க கம்பெனி பேரே இருக்கே. அதுவும் இந்த வருஷத்துச் சட்டை. அதுக்குள்ள எப்படிப் பழசாச்சு?"

முதலாளி முறைத்தார். மேலாளரின் கண்முன்னே நாற்காலி தனியாகச் சுழன்றது. பதற்றத்தில் பொய் ஒன்றும் வாயில் வரவில்லை.

"எங்க சட்டையை ஒரு தடவை துவைச்சாலே பழசாயிடும், மேடம்!"

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். அம்மாளோ மெய்சிலிர்த்துப் போய் மேலாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மத்த கம்பெனிங்க பழசுக்காக வருஷக்கணக்காக் காத்துக் கிடக்கிறாங்க. நீங்க நேரடியாவே தயாரிக்கிறீங்களே!"

அங்கேயே, அந்தக் குவியலின் மேலேயே வைத்து, கையெழுத்தாயிற்று. இனிமேல் எப்போதும் இரட்டை ஆர்டர்: ஒரு சட்டை குப்பையாவதற்கு, இன்னொரு சட்டை அந்தக் குப்பையிலிருந்து பூமியைக் காப்பாற்றுவதற்கு.