வாயிற்காவலர் சாலை கடந்த காதை

வாழ்க எம் தலைவர்! நகைக்கடை வாசலில் பத்தொன்பது ஆண்டுகள் இமையும் மீசையும் அசையாது நின்றவரும், பொம்மையென்று நம்பிக் குழந்தைகள் கிள்ளியபோதும் சிலிர்க்காதவரும், பித்தளைப் பொத்தான் மின்னும் மார்பினருமாகிய வாயிற்காவலர் வாழ்க! அவர் ஒரு சாலையைக் கடந்த பெருங்கதையைச் சொல்லப் புகுந்தோம். தமிழே, மூச்சு முட்டாமல் காப்பாயாக.

காலை ஒன்பது ஐம்பத்தாறு. கடைக்கு எதிர்க்கரையில், தேர்வுக்கூடத்தின் கம்பிக் கதவுக்குள் நின்றாள் அவர் மனைவி. தலைமைச் செவிலியர் பதவிக்கு இருமுறை எழுதித் தோற்று, மூன்றாவதும் கடைசியுமான வாய்ப்புக்கு வந்தவள், வாசிக்கும் கண்ணாடியை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டாள். உள்ளே போனவர் வெளியே வரலாகாது. பத்து மணிக்குக் கதவு அடைபடும். கண்ணாடியோ, அதை வீட்டிலிருந்து எடுத்துவந்த காவலரின் கையில்.

இடையே, தேர்ப்படையும் யானைப்படையும் ஒருசேரப் பெருகியதுபோல் கார்களும் லாரிகளும் உறுமிப் பாய்ந்த அச்சாலையை, கம்பத்தின் உச்சியில் ஒற்றைக் கண்ணோடு வீற்றிருந்து ஆண்டது புதிய அறிவார்ந்த சிக்னல். மாந்தர் அமுக்கும் பொத்தானை அற்பமென ஒழித்த அது, "காத்திருப்போரை யாமே காண்போம், கண்டபின் பச்சை அருள்வோம்" என்று பலகையில் முழங்கியிருந்தது.

கடப்போர் காத்து நிற்கும் மஞ்சள் கட்டத்துள் ஏறி நின்றார் காவலர். பணிவும் நிமிர்வும் காட்டினால் எக்கதவும் திறக்கும் என்பது தொழில் கற்பித்த பாடமாதலின், குதிகால் சேர்த்து, நெஞ்சு நிமிர்த்தி, மூச்சையும் சுருக்கி விறைத்தார். ஒற்றைக் கண் அவரை உற்று நோக்கிற்று. கம்பம் என்று முடிவுகட்டிற்று. வண்டிகளுக்கே வழிவிட்டது. ஒன்பது ஐம்பத்தேழு. இன்னும் விறைத்தார். அவ்வழி வந்த நாயொன்றும் அதே முடிவுக்கு வந்து காலைத் தூக்கியது. அப்போதும் அசைந்தாரில்லை. ஒன்பது ஐம்பத்தெட்டு.

நடைபாதை பெருக்கிய பெண் துடைப்பத்தை ஊன்றி அருள்வாக்குச் சொன்னாள்:

"அண்ணே, அசையாம நின்னா அது ஆளுன்னு நம்பாது. கொஞ்சம் ஆடுங்கண்ணே!"

அந்தோ! பத்தொன்பது ஆண்டு மானம் ஒருபுறம், மூன்று ஆண்டுகளாகச் சமையல் மேடையில் புத்தகம் சாய்த்துவைத்துப் படித்தவளின் முகம் மறுபுறம். மானம் தோற்றது. கைகள் சுழன்றன, இடுப்பு ஒடிந்தது, தொப்பி பறந்தது, புயலிற் சிக்கிய கொடிச்சீலையெனப் படபடத்துக் குதித்தார் எம் தலைவர். வண்டியோட்டிகள் வாய்பிளந்தனர். ஒற்றைக் கண் திடுக்கிட்டது. மலர்ந்தது பச்சை!

ஓடினார்; கடந்தார்; ஒன்பது ஐம்பத்தொன்பதுக்குக் கம்பியிடையே கண்ணாடியை நீட்டினார். பக்கத்திலிருப்பது மங்கினாலும் தொலைவிலுள்ளது துலங்கும் கண்கள் அவளுடையவை. ஆட்டம் முழுவதையும் பார்த்துவிட்டாள்.

"கல்யாணத்தன்னிக்குக்கூட இப்படி ஆடலையே நீங்க!" என்று சிரித்தபடி, ஈரக் கண்களில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

கதவு அடைபட்டது. வெற்றித் திருமகள் தழுவிய தோள்களை நிமிர்த்தி, வீரப் பெருநடை நடந்து, தேர்வுக்கூடக் கரையின் மஞ்சள் கட்டத்துள் ஏறி, குதிகால் சேர்த்து நின்றார் காவலர்.

கடைக்குத் திரும்ப அவர் இன்னொரு முறை ஆட வேண்டியிருந்தது.