நடுக்குழாய்க்கு மட்டும் தெரியாது

மனிதர்களில் மாடலார் என்றோர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். உலகம் ஒரு பக்கம், அதைப் பற்றித் தாம் கணினியில் வரைந்து ‘மாடல்’ என்று பெயர் வைத்திருக்கும் படம் ஒரு பக்கம். இரண்டும் முட்டிக்கொண்டால் உலகத்தைக் கூப்பிட்டுக் கண்டிப்பவர் எவரோ, அவரே மாடலார்.

நம்முடைய மாடலாருக்கு ஓர் இரும்பு ஆலையில் வேலை. அங்கே சதுரக் குழாய்களைக் கட்டுக்கட்டாக அடுக்கி, உலைக்குள் தள்ளி, சூடேற்றிப் பதப்படுத்துகிறார்கள். ஓரத்துக் குழாய்கள் சீக்கிரம் சிவந்துவிடும். நடுவில் இருப்பதோ வெளியே நடப்பது எதுவும் தெரியாமல் கிடக்கும். அதற்கும் சூடு போய்ச் சேர்ந்த பிறகே கதவைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் பதம் ஏறாத குழாய் பாரம் தாங்காமல் விரிசல் விடும். எப்போது திறக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் மாடலாரின் உத்தியோகம். விரிசல் விட்டால் மாட்டிக்கொள்வது அவரல்ல, திறந்துவிட்ட உலைப் பொறுப்பாளர். அந்தப் பாவி வேறு யாருமில்லை, மாடலாருடைய மனைவியின் கூடப்பிறந்த தம்பி.

மாடலார் உலைப் பக்கமே போவதில்லை. "அங்க ஒரே சூடு. சூட்டைப் பத்தி யோசிக்கவே முடியல" என்பார். குளிரூட்டிய அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, திரையில் நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாவதை, பெற்ற பிள்ளை தவழ்வதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டிலாவது சும்மா இருப்பாரா? அலமாரியில் மடித்து அடுக்கிய போர்வைகளைக் கண்டால் நின்றுவிடுவார். "வெயில் காலம் வந்தது இந்த நடுப்போர்வைக்கு இன்னும் தெரியாது" என்பார். "உங்களுக்கும்தான்" என்பார் மனைவி.

அன்றைக்குத் திரை முழுக்கச் சிவந்துவிட்டது. "திற" என்று மச்சானுக்குப் போன் போட்டார். மச்சான் திறக்கவில்லை, மூச்சு வாங்க அறைக்கே ஓடி வந்துவிட்டார்.

"மாமா, நடுக்குழாய்ல சூடு பாக்கச் சொருகி வச்சிருக்கிற தெர்மோகப்பிள் கம்பி இன்னும் பாதிச் சூடுகூட காட்டலையே!"

"மாடல் சொல்லியாச்சு. உன் கம்பிதான் பொய் சொல்லுது."

"மூணு கம்பி வச்சிருக்கேன் மாமா. மூணும் அதையேதான் காட்டுது."

"மூணும் கூட்டுச் சேர்ந்துடுச்சு."

மச்சான் திரையை உற்றுப் பார்த்தார். "குழாய்க்குள்ள காத்து நிக்குமே, அதுதானே சூட்டை உள்ள விடாம மறிக்குது. இதுல காத்தையே காணோமே?"

"எடுத்துட்டேன். காத்து சொன்ன பேச்சு கேக்காது மச்சான், கணக்கு இழுத்துக்கிட்டே போகுது. ஓட்டையெல்லாம் இரும்பால நிரப்பிட்டேன்."

"ஓட்டை இல்லேன்னா அது எப்படிக் குழாயாகும்?"

மாடலார் யோசனையில் ஆழ்ந்தார். தம்மிடம் தப்பு இருக்குமோ என்றா? நன்றாகக் கேட்டீர்கள்! "முதலாளிகிட்ட பேசிப் பாரேன், இனிமே ஓட்டை இல்லாம குழாய் செய்ய முடியுமான்னு" என்றார்.

அந்த நேரத்தில் குழாய் வாங்கும் நிறுவனத்தின் பெண் பொறியாளர் உள்ளே வந்தார். திரையைப் பார்த்தவுடன் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவரும் அதே இனம்.

"எவ்வளவு அழகா சிவந்திருக்கு! இந்தப் படத்தை அனுப்பிடுங்க சார். குழாயை நான் பாக்கவே வேணாம்."

மச்சானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாங்குகிறவரே ஒத்துக்கொண்ட பிறகு இவர் தலை எதற்கு உருளப் போகிறது? "அப்ப திறந்துடறேன் மாமா" என்று துள்ளிக்கொண்டு போனார்.

மாடலார் பெருமிதத்தோடு சாய்ந்து உட்கார்ந்தார். "எதுக்கு மேடம் இந்தக் குழாயெல்லாம்?"

"தண்ணித் தொட்டிக்குப் பின்னால ஒரு மஞ்சள் கட்டடம் இருக்குல்ல, அதுக்குப் புதுசா இரும்புப் படிக்கட்டு போடறோம்."

மாடலார் குடியிருப்பது அந்த மஞ்சள் கட்டடத்தின் மேல்மாடியில்.

ஸ்வெட்டருக்குள் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. விழுந்தடித்து ஓடினார். உத்தியோகத்தில் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக உலையின் முன்னால் போய் நின்று, கதவின் மேல் கை வைத்திருந்த மச்சானைப் பிடித்து இழுத்தார். மூன்று கம்பிகளும் காட்டிய அளவுகளை மாறி மாறிப் பார்த்து, "இன்னும் ஏறலையே, இன்னும் ஏறலையே" என்று புலம்பினார்.

"மாடல் சொல்லிடுச்சே மாமா!"

"மாடல் கிடக்குது! அந்தப் படிக்கட்டுல தினமும் உங்கக்கா ஏறி இறங்கணும்டா!"

அக்காவின் கணவரும் அதே படிக்கட்டில்தான் ஏறி இறங்க வேண்டும், அவர் எடையும் அதிகம் என்பதை நாம் கிளற வேண்டாம். சாயங்காலம் வரை அங்கேயே நின்று, மூன்று கம்பிகளும் ஒத்துக்கொண்ட பிறகுதான் கதவைத் திறக்கவிட்டார். நடுக்குழாய் பழுதில்லாமல் பதம் ஏறியிருந்தது. மாடலார் திருந்திவிட்டார் என்கிறீர்களா? மறுநாள் முதலாளியிடம் அவர் சொன்னது இதுதான்: "மாடல் சரியாத்தான் இருந்துச்சு சார். உலைதான் கொஞ்சம் லேட்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரிக்கத்தானே எழுதுவது. ஆனால் நேற்று உங்கள் பிள்ளை பக்கத்தில் வந்து நின்று "பசிக்குது" என்றதே, அப்போது நீங்கள் அதன் முகத்தையா பார்த்தீர்கள்? நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அதுக்குள்ள எப்படிப் பசிக்கும்?" என்று கேட்டீர்கள்.