சுரண்டிக் காக்காவும் என் பந்தயக் காரும்

கல்முனையில் சுரண்டிக் காக்காவின் ஆணி படாத இரும்பு ஒன்று உண்டென்றால், அது இன்னும் கப்பலை விட்டு இறங்காத இரும்பாகத்தான் இருக்கும். காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன்; சுரண்டி என்பது ஊர் வைத்த பட்டம். கட்டாரில் எண்ணெய்க் குழாய்களின் பூச்சைச் சோதிக்கும் வேலையில் பல வருடம் இருந்தவர். மற்றவர்கள் அங்கிருந்து கம்பளியும் அத்தரும் கொண்டுவந்தார்கள். இவர் ஓர் ஆணியையும் தீராத சந்தேகத்தையும் கொண்டுவந்தார். மருமகன் புது மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியபோது, அவனுடைய சலாமுக்குப் பதில் சொல்லுமுன்னே வண்டியின் அடிப்பக்கத்தைச் சுரண்டிப் பார்த்துவிட்டார்.

நான் கராஜ்காரன். மலைநாட்டு மண் தடத்தில் நடக்கும் பந்தயத்துக்காக ஒரு கார் கட்டினேன். ஓட்டப்போவதும் நான்தான். கூடு முழுக்க இரும்புக் குழாய். எங்கள் ஊர்க் காற்றோ உப்புக் காற்று. நோன்பில் வாங்கிய கத்திரிக்கோல் பெருநாளுக்குள் சிவந்துவிடும். ஆகவே கூட்டுக்குப் பளபளவென்று கறுப்புப் பவுடர் கோட்டிங், முன் சில்லுகளைத் தாங்கும் இரும்புக் கைகளுக்குக் குரோம் என்று முடிவு செய்திருந்தேன்.

கேள்விப்பட்ட அன்றே காக்கா வந்துவிட்டார்.

“கறுப்பா? அதுவும் தடிப்பாவா? எத மறைக்கப் போறாய்?”

“ஒண்டையும் மறைக்கல்ல காக்கா. துருப் பிடிக்கப்படாது எண்டுதான்.”

“துரு கண்ணுக்குத் தெரியும். வெடிப்புத்தான் தெரியா. பவுடர் மேலால மூடிக் கிடக்கும், உள்ள இரும்பு பிளந்திருக்கும். நீ ஒண்டும் தெரியாம ஓடிட்டுப் போவாய்.”

“அப்ப குரோம்?”

“அந்தத் தொட்டியில போட்டெடுத்தா சில இரும்பு முறுக்கு மாதிரி நொறுங்கிடும். மெல்லிசா வெள்ளப் பெயின்ட் அடி. வெடிச்சா துருக் கோடு விழும், கண்டுபிடிக்கலாம்.”

பந்தயக் கார் என்ன, ஐஸ்பெட்டியா? அவர் வீட்டுக் கேட்டுக்கு வாங்கிய வெள்ளைப் பெயின்டில் அரை டின் மிச்சம் கிடந்தது எனக்குத் தெரியும். அதை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நான் சந்தேகப்பட்டேன். நானும் பூச்சுக் கடைக்காரர்களும் ஒரே கூட்டு என்று அவர் சந்தேகப்பட்டார்.

கடைசியில் சோதித்துப் பார்ப்பதென்று முடிவாயிற்று. ஒரே குழாயில் ஐந்து துண்டு வெட்டி ஐந்து கடைகளில் பூச்சுப் போடக் கொடுத்தார். எவனும் துண்டை மாற்றிவிடக் கூடாதென்று, கொடுக்குமுன்பே ஒவ்வொன்றிலும் அந்தந்தக் கடைக்காரரின் பெயரை ஆழமாக வெட்டியிருந்தார். பூச்சு முடிந்து வந்ததும் கறுப்பு நூலில் கட்டிக் கடற்கரைத் தென்னையில் தொங்கவிட்டார். தினமும் காலையில் போய் அவிழ்த்து, கடலில் முக்கி, முணுமுணுத்துக்கொண்டே திரும்பக் கட்டுவார். முணுமுணுத்தது துருப் புள்ளிகளின் எண்ணிக்கை. அது பார்த்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

நாலாம் நாள் பவுடர் கடைக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு என் கராஜுக்கு வந்தார்.

“என்ட பேர இரும்பில வெட்டி, கறுப்பு நூலில கட்டித் தொங்கவிட்டிருக்கு. மூணு நாளா நிமிர ஏலாம கிடக்கன். எனக்குச் செய்வின செய்யச் சொன்னது ஆரு?”

பின்னாலேயே குரோம் கடைக்காரர். அவருடைய ஆடு செத்திருந்தது. ஐந்து கடைக்காரரும் ஓதிப் பார்க்கப் பள்ளிவாசல் லெவ்வையைக் கடற்கரைக்கே கூட்டிப் போனார்கள். அவர் ஓதினார், துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், “இது வெறும் இரும்பு” என்றார். அத்தோடு முடிந்திருக்கும். காக்கா அவருடைய வெள்ளி மோதிரத்தையும் சுரண்டிப் பார்த்ததால் சமாதானம் இன்னும் ஒரு மணித்தியாலம் தள்ளிப்போனது.

அவரவர் துண்டை அவரவர் பறித்துக்கொண்டு போனார்கள். அதன்பிறகு ஊரில் ஒரு கடையும் என் காரைத் தொடவில்லை. மிஞ்சியது காக்காவின் அரை டின் வெள்ளைதான். மனுசன் திட்டம் போட்டே செய்திருக்கிறார் என்று கொதித்துக்கொண்டே பூசினேன்.

இறக்காமத்து வயல் பாதைகளில் ஓட்டிப் பழகினேன். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் காக்கா வந்து காரைச் சுற்றுவார். என் வேலையில் நம்பிக்கையில்லாமல் வேவு பார்க்கிறார் என்று நினைத்தேன். பந்தயத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அசர் தொழுதுவிட்டு வந்தவர் இடது முன் சில்லடியில் குந்தினார். எழும்பவேயில்லை.

“தம்பி, இஞ்ச வா. இதப் பாரு.”

சில்லைத் தாங்கும் இரும்புக் கையில், வெள்ளைப் பூச்சின் மேல் மயிர் போல ஒரு துருக் கோடு. நானே பிடித்த வெல்டிங் ஓரத்தில். ஆணியை வைத்தார், நுனி உள்ளே போனது. அந்தக் கையோடு மலை வளைவில் இறங்கியிருந்தால் காரையும் என்னையும் சேர்த்துத்தான் பொறுக்கியிருப்பார்கள். காக்கா ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. புதுக் கை செய்து முடியும்வரை பக்கத்திலேயே நின்றார், மிச்சப் பெயின்டையும் அவரே அடித்தார்.

பந்தயத்தில் கடைசிக்கு முந்தினவனாக வந்தேன். ஆனால் முழுசாக வந்தேன்.

திரும்பி வந்து அவரைத் தேடிக் கடற்கரைக்குப் போனால், தென்னையில் இன்னும் ஒரு துண்டு தொங்கியது. ஆறாவது. வெள்ளை. அதில் என் பெயர்.

“நான் பூச்சுக் கடைக்காரனா காக்கா? என்ட பேர் எதுக்கு?”

“ஓட்டுறது நீதானே. உன்ட காரில எது அடிச்சிருக்கோ அது தாங்குதா எண்டு நான் பாக்கத் தேவல்லையா?”

செய்வினைக்குப் பயந்து, அதைக் கழற்றி எறியச் சொல்லி என்னைப் பெற்ற உம்மா இன்றைக்கும் கரைச்சல் தருகிறா. நான் விடவில்லை. தினமும் காலையில் கடலுக்குப் போய் என் பெயரைச் சந்தேகத்தோடு சுரண்டிப் பார்க்க ஓர் ஆள் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.